அண்டாவைத் தொடாத வீரர்கள்

“தடைய மீறுறதுன்னா இன்னான்னு உனக்குப் புரியுமாம்மா?” என்று மன்றத்தை நடத்திவந்த வக்கீல் கேட்டார். விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அரசியல் மன்றத்துக்கு நான் முதன்முதலாகப் போன ஞாயிற்றுக்கிழமை அது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பக்கத்துத் திண்டிவனத்தில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் சேரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஊரின் பள்ளியில் வேலை பார்த்தேன். அந்த ஊரின் பெரிய தெருவில் என் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். நான் காலில் போட்டுக்கொண்டு நடந்தேன். பள்ளிக்குப் போகும்போதும் நடந்தேன், திரும்பும்போதும் நடந்தேன். தடை மீறலைப் பற்றி அந்த பெஞ்சில் இருந்த யாருக்கு இதைவிட அதிகம் தெரிந்திருக்கும்? ஆனால் சொல்லவில்லை. அவர்களுடைய அலமாரியில் புத்தகங்கள் இருந்தன. எனக்குப் புத்தகம் வேண்டும்.

வக்கீல் நன்றாகப் பேசுவார், அதை மறுக்க மாட்டேன். அநியாயமான சட்டத்தை மீறலாம், மீற வேண்டும் என்பார். அதற்கு மூன்று விதிகள் சொல்வார். முன்கூட்டியே அறிவித்துவிட்டு மீற வேண்டும். ஒளியாமல், எல்லோரும் பார்க்க மீற வேண்டும். தண்டனையைத் தட்டிக்கழிக்காமல் ஏற்க வேண்டும். இப்படி மீறுகிறவன் ஜனநாயகத்துக்குக் காவல்காரன் என்பார். பிறகு, ஒரு விதி யாருடைய வசதிக்காக இருக்கிறது, அதை இயற்கை என்று நம்மை நம்பவைத்தது யார் என்று கேள்விகளை அடுக்குவார். எனக்கு உடம்பு சிலிர்க்கும். பஸ்ஸில் திண்டிவனம் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விகளை ஊரின் மேல் வைத்துப் பார்ப்பேன். பொருந்தாத இடமே இல்லை.

மற்றவர்கள் அவற்றை எதன்மேல் வைத்துப் பார்த்தார்களோ தெரியாது. மன்றச் செயலாளருக்கு அரிசி மில் இருந்தது. அவர் “மக்கள்” என்று சொல்லும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டுவார். மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டம் அங்கே தூரத்தில் நிற்பதுபோல இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் வக்கீல் மேசையைத் தட்டி, “கட்டுப்பாடு, கட்டுப்பாடு” என்பார். அவருக்குப் பிடித்த சொல் அது. கட்டுப்பாடு இல்லாத போராட்டம் வெறும் கலவரம் என்பார்.

எனக்கு அந்தச் சொல் வேறோர் இடத்திலிருந்து தெரியும். பள்ளி வளாகத்தில் அரசாங்கப் பணத்தில் வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. நான் வேலையில் சேர்ந்ததும் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “டீச்சர், கெணத்துல நீங்க கயிறு போட வேணாம். ஊர்க் கட்டுப்பாடு. நானே சேந்தி ஊத்துறேன், உங்களுக்கு இன்னா கொறச்சல்?”

அவருக்கு நல்ல மனிதர் என்று பேர். நல்ல மனிதர்தான். வாளியை உயரத் தூக்கி, என் செம்பில் பட்டுவிடாமல் ஊற்ற அவ்வளவு நேர்த்தியாகப் பழகியிருந்தார். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று பாடம் நடத்திவிட்டு வந்து அவர் முன்னால் செம்பை ஏந்தி நின்றேன். சில நாள் அப்படி நின்றேன். பிறகு வீட்டிலிருந்து தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவர் ஊர் மணியக்காரர். என் அம்மா வேலைக்குப் போவது அவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைக்கு. நான் கயிற்றைப் போட்டால் அம்மாவுக்கு வேலை போகலாம், எனக்கும் போகலாம். அதனால்தான் மன்றத்தைத் தேடிப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து பேசினேன். “சார், எங்க ஸ்கூல் கெணத்துல நான் தண்ணி சேந்தப் போறேன். அறிவிச்சிட்டு, எல்லாரும் பாக்க. மன்றத்துலேந்து நாலு பேரு வந்து கூட நின்னா போதும்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேறம்மா.”

“எது வேற?”

“தீண்டாமைய ஒழிச்சி சட்டம் போட்டாச்சி. சட்டம் உன் பக்கம் இருக்குது. அப்புறம் எந்தச் சட்டத்த மீறுவ? போயி மணியக்காரர்கிட்ட புகார் குடு.”

“கட்டுப்பாடு போட்டதே மணியக்காரருதான் சார்.”

மில்காரர் குறுக்கே வந்தார். “டீச்சரம்மா, தண்ணி சேந்துறதுக்கெல்லாம் மன்றம் வந்துதுன்னா, நாளைக்கு மாவு அரைக்கவும் கூப்புடுவீங்க.” பெஞ்சு சிரித்தது.

“கூப்புட மாட்டோங்க. நீங்க இங்க அரைக்கிறதத்தான் வாராவாரம் கேக்குறமே” என்றேன். இந்த முறை பெஞ்சு சிரிக்கவில்லை.

“கட்டுப்பாடு,” என்று வக்கீல் மேசையைத் தட்டினார். “எலெக்சன் வருதும்மா. இந்த நேரத்துல ஊரு, சேரின்னு பிரிஞ்சிடக் கூடாது.”

பிரிந்துவிடக் கூடாதாம். அதுவரை நாங்கள் ஒரே குடத்தில் குடித்துக்கொண்டிருந்த மாதிரி.

அன்று பஸ்ஸில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. எழுதிவைத்த சட்டத்தை மீற இவர்களுக்கு ஆசை. எழுதாத சட்டத்தை மீறச் சொன்னால் கண்ணாடி துடைக்கிறார்கள். முதலாவதை மீறினால் கழுத்தில் மாலை விழும். இரண்டாவதை மீறினால் மாமனார் வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாட்டை ஆளுகிறவனை எதிர்க்க முடிந்தவர்களால் மாமனாரை எதிர்க்க முடியவில்லை.

இருந்தும் மறியலுக்குப் போனேன். ஆட்களை நம்பாவிட்டாலும் அந்த மூன்று விதிகளை நம்பினேன். அரிசித் தட்டுப்பாட்டைக் கண்டித்து ரயிலடி முன்னால் மறியல். தலைமை, அரிசி மில்காரர். விழுப்புரத்தில் கூட்டம் கூடத் தடை இருந்தது. காலையிலேயே கூடிவிட்டோம். கைது செய்ய வேண்டிய இன்ஸ்பெக்டரைக் காணோம். ஆளனுப்பி விசாரித்த மில்காரர் வந்து சொன்னார்: “சாப்டுக்கினு இருக்காராம். முடிச்சிட்டு வர்றாராம். அதுவரைக்கும் எல்லாம் நெழல்ல நில்லுங்க.”

சட்டத்தை மீறுவதற்காக நிழலில் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்ததும் வெயிலில் இறங்கிக் கோஷம் போட்டோம். வேனில் ஏறும்போது சிலர் போட்டோக்காரருக்காக வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்தார்கள். மாலையில் விட்டுவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சம்பழச் சாதம் வந்தது. மூலையில் ஒரு பெரிய அண்டா நிறையத் தண்ணீரும் அதன் மூடிமேல் ஒரு டம்ளரும் இருந்தன. ஒவ்வொருவராகப் போய் மொண்டு குடித்தார்கள். நான் போனபோது மில்காரர் முந்திக்கொண்டு டம்ளரை எடுத்து மொண்டார். பிறகு அதை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“கைய நீட்டும்மா, ஊத்துறேன்.”

நான் நீட்டவில்லை. “டம்ளரக் குடுங்க.”

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “கட்டுப்பாடும்மா. போலீஸ்காரன் பாக்குறான். இங்க வந்து தகராறு வேணாம்.”

தலைமையாசிரியர் சொன்ன அதே சொல். குரல்கூட அதேதான், நமக்கு நல்லது செய்கிறவரின் குரல். அதுநாள்வரை அவை இரண்டு சொற்கள் என்று நினைத்திருந்தேன். போராட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு, ஊருக்கு ஒரு கட்டுப்பாடு, எழுத்து மட்டும் ஒன்று என்று. பாடம் எடுக்கிற எனக்கே இரண்டும் ஒரே சொல் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

மில்காரர் கையிலிருந்த டம்ளரைப் பிடித்தேன். என் விரல் பட்டுவிடுமோ என்று அவர் சட்டென்று விட்டுவிட்டார். அதில் இருந்ததைக் கீழே கொட்டினேன். அண்டாவில் நானே மொண்டு, வாய் வைத்துக் குடித்தேன். டம்ளரை மூடிமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு மன்றத்தார் யாரும் அந்த அண்டாவில் குடிக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. ஒருவர் தனக்கு வயிறு சரியில்லை என்றார். மில்காரர் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைச் சோடா வாங்கிவரச் சொன்னார். கான்ஸ்டபிள் உள்ளே வந்து, அதே டம்ளரில் மொண்டு, தொண்டை ஏறி இறங்கக் குடித்துவிட்டு, “ஏன் சார், தண்ணி நல்லாத்தான இருக்குது? சோடா எதுக்கு?” என்றார். சோடா வாங்கப் போகவில்லை. சாயங்காலம் விடுவிக்கும்வரை மன்றத்தார் வறண்ட நாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாழ்நாளில் செய்த உண்மையான போராட்டம் அது ஒன்றுதான். அதையும் எனக்கு எதிராகச் செய்தார்கள்.

வாசலில் மாலைகளோடு ஆட்கள் நின்றார்கள். நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். மன்றத்திலிருந்து கடைசியாக எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன்.

விதிகள் கெட்டுப்போகவில்லை, அவற்றைச் சொன்னவர்கள்தான் கெட்டுப்போயிருந்தார்கள். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். வரும் திங்கட்கிழமை காலையில் கிணற்றில் கயிறு போடுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக மணியக்காரர் வீட்டுக்குப் போனார். மறுநாளே மணியக்காரரின் ஆள் பள்ளி வாசலில் வந்து நின்றான்.

“இந்தாம்மா, கட்டுப்பாட்ட மீறுனா சும்மா விட மாட்டோம்னு சொல்லச் சொன்னாரு.”

“சும்மா விட வேணாம். தண்டன இன்னான்னு கேட்டுக்கினு வாங்க. நான் ஏத்துக்கிறேன்.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். இப்படி ஒரு பதிலுக்கு அவனை யாரும் தயார் செய்து அனுப்பவில்லை. போனவன் திரும்பி வரவே இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவளிடமும் சொன்னேன். உன் வேலை போய்விடும் என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, “மல்லாட்ட புடுங்குற நேரத்துல ஆளு கெடைக்காம அவனே பேஜாரு புடிச்சி அலையுறான். என்னய எங்கடி நிறுத்துவான்?” என்றாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, “நிறுத்துனா நிறுத்திட்டுப் போறான். நல்ல கயிறா பாத்து வாங்கு,” என்றாள்.

திண்டிவனம் கடைத்தெருவில் புதுக் கயிறு வாங்கினேன். திங்கட்கிழமை கிணற்றைச் சுற்றி ஊர் நின்றது. மணியக்காரரும் தள்ளி நின்றார், என்ன தண்டனை என்று சொல்ல எழுதிய சட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. ராட்டினத்தில் கயிற்றைக் கோத்து வாளியை இறக்கினேன். சேந்தினேன். குடித்தேன். மீதியைப் பள்ளிப் பானையில் ஊற்றினேன். கயிற்றை அவிழ்க்காமல் ராட்டினத்திலேயே விட்டுவிட்டு மணியடிக்கப் போனேன்.