எவரிஸ்தோ சொல்லித்தராத மூன்றாவது தாளம்

நடன வாத்தியார் எவரிஸ்தோ கைதட்டினால் வில்லா உர்கீசா பேட்டையில் பஸ்கூடத் தாளம் தப்பாமல்தான் பிரேக் போடும். ஞாயிறு மதியங்களில், பேட்டை விளையாட்டுக் கழகத்தின் கூடைப்பந்துத் தரையில் வகுப்பு. வந்தவர்களை உடனே ஆடவிடமாட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச்சொல்லி, பாட்டைப் போடுவார்.

"இது நடையா, ஓட்டமா?"

"நடை, வாத்தியாரே. டாங்கோ."

"இது?"

"ஓட்டம். மிலோங்கா."

"பரவால்லயே, காதுல பஞ்சு இல்ல!"

மும்மூன்று தட்டாய்ச் சுழலும் வால்ஸை மட்டும் அவர் போடுவதேயில்லை. மனைவி இர்மா சாகுமுன் அவரோடு கடைசியாக ஆடியது வால்ஸ். ஏழு வருடமாக, கழகத்து நடன இரவுகளில் வால்ஸ் வந்தால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இர்மாவின் இடக்கை தோளில் வந்து அமரும், அதே பாரத்தோடு. டாங்கோவில் எத்தனையோ கைகள் வந்துபோயின. வால்ஸில் இன்னொரு கை பட்டால் இந்தக் கை வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

அவரிடம் இரண்டு வருடம் படித்த நீல்தாவுக்கு ஒரு நடன இரவன்று அறுபது வயது நிறைந்தது. பிறந்தநாள்காரியை நடுவில் நிறுத்தி வால்ஸ் போடுவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அவளோடு ஆடவேண்டும். நீல்தா மூன்று தட்டுக்கு இரண்டடி வைத்தாள். முதல் ஆளின் காலை மிதித்தாள், இரண்டாம் ஆளின் காலையும் மிதித்தாள்.

"ஏம்மா, ராணுவ அணிவகுப்புக்கா வந்திருக்க?" என்றார் மூன்றாமவர். ஒரே சிரிப்பு. அடுத்து யாரும் வரவில்லை. புதுச் செருப்போடு நடுவில் தனியாக நின்றாள்.

"வாத்தியாரே, இது என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியலையே!"

பாட்டு பாதிதான் முடிந்திருந்தது. எவரிஸ்தோ எழுந்து போனார். அவள் இடக்கையை எடுத்துத் தன் தோளில் வைத்து, அவள் முதுகில் விரலால் தட்டினார்: ஒன்று அழுத்தமாக, இரண்டு மெதுவாக.

"அழுத்தத்துக்கு மட்டும் கால் வை. மத்த ரெண்டும் தானா ஓடிடும்."

நீல்தா சுழன்றாள். "அட, இவ்ளோதானா? ரெண்டு வருஷமா ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

எவரிஸ்தோ அவளை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் வால்ஸைப் போட்டார்.

"வால்ஸ், வாத்தியாரே!" எல்லோருக்கும் முந்திக்கொண்டு கத்தினாள் நீல்தா.

எவரிஸ்தோ உட்கார்ந்து கண்ணை மூடினார். தோளில் கை வந்தது. இர்மாவுடையது இல்லை; பிறந்தநாளன்று பயத்தில் வேர்த்துக் குளிர்ந்திருந்த நீல்தாவின் கை. அதை மனசுக்குள் தள்ளிவிட்டு இர்மாவின் கைக்காகக் காத்திருந்தார். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார்.