வார்டில் இல்லாத ஒலிபெருக்கி

சகாயசெல்விக்கு வலது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப் போனது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் வாங்க, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் நாலு வருஷம் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தவள். மனுக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்ததற்கு முத்திரை குத்திய நகலும் வாங்க வேண்டும் என்பது அந்த அலைச்சலில் படித்த பாடம். பூத் கிடைத்தபோது வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "எனக்கு இதுவே போதும், போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, மணிமேகலை ஜெயித்தார். மாலை என்னவோ அவர் புருஷன் கருப்பணன் கழுத்தில்தான் விழுந்தது. அன்று முதல் ஊருக்கு அவர்தான் கவுன்சிலர். ஓட்டு வாங்கிய மணிமேகலை 'கவுன்சிலர் வீட்டம்மா' ஆனார். வெள்ளைச் சட்டையும் புருஷனது, பேச்சும் புருஷனது, கையெழுத்துகூடப் புருஷனதுதான்.

பதவிக்கு வந்ததும் கருப்பணன் செய்த முதல் சாதனை, பூத்துக்கு நேர் எதிரே தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டியது. கம்பத்திலேயே கொக்கி போட்டுக் கரண்டு. தண்ணீர் வரும் நாளை மக்களுக்கு அறிவிக்கவாம். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்கு மீதி ஒன்பது நாளும் என்ன அறிவிப்பது? விடிந்ததிலிருந்து பாட்டுதான். அந்த அறிவிப்பாவது ஒழுங்காக இருந்ததா? தண்ணீர் வருகிறது என்று சொன்ன அன்று குடங்கள்தான் வரிசையில் காய்ந்தன. வந்த அன்று பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கருப்பணனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது.

பூத்துக்குள் வந்தவர்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள், பிறகு வராமலே போனார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த பூத்துக்குக் கூட்டம் போய்விட்டது. குர்ஷித் பேகம் மட்டும் விடாமல் வந்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரியாத்திலிருந்து அவர் மகன் சகாயசெல்வியின் நம்பருக்குத்தான் கூப்பிடுவான். ஒரு வெள்ளிக்கிழமை, "சத்தமாப் பேசுப்பா, சத்தமாப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், லைன் போய்விட்டது. "பேசுனானா இல்லையான்னே தெரியலம்மா" என்று ரிசீவரை வைத்துவிட்டு அழுதார். சகாயசெல்விக்கு அவமானமாகிவிட்டது. இந்த அம்மாவும் வராவிட்டால் பூத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

மறுநாளே மனு எழுதி நகராட்சியில் கொடுத்து, முத்திரை குத்திய நகலோடு திரும்பினாள். மனு வழக்கப்படி வார்டு கவுன்சிலரின் விளக்கத்துக்குப் போனது. கருப்பணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புகார் எதுவானாலும் படிக்காமலே 'இல்லை' என்று எழுதி, மனைவி பேரில் கையெழுத்துப் போட்டுவிடுவார். குப்பை அள்ளவில்லை என்று புகார் வந்தால், குப்பை இல்லை. சாக்கடை அடைத்துவிட்டது என்றால், அந்தத் தெருவில் சாக்கடையே இல்லை. இதற்கும் அப்படியே போட்டார்: 'மேற்படி வார்டில் ஒலிபெருக்கி ஏதும் இல்லை. இப்படிக்கு, மணிமேகலை, நகர்மன்ற உறுப்பினர்.'

இரண்டு மாதம் கழித்து அதன் நகல் பூத்துக்கு வந்தது. எதிரே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்க, சகாயசெல்வி அதைப் படித்தாள். முதல் தடவை படித்தபோது கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது.

மின்வாரிய லைன்மேன் மூக்கையாவுக்கு போன் போட்டாள். கம்பத்தில் கொக்கி போட்டிருப்பதை முன்பே சொன்னபோது, "கவுன்சிலர் சமாச்சாரம், எனக்கு எதுக்குக்கா வம்பு" என்று நழுவியவர் அவர். இப்போது வந்து நின்றவர் கையில் கடிதத்தைக் கொடுத்தாள்.

"இல்லாத ஒண்ணைக் கழட்ட யார்ட்டய்யா உத்தரவு கேக்கணும்?"

மூக்கையா கடிதத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "அதானே" என்று ஏணியைச் சாத்தினார். கழற்றிய ஸ்பீக்கர், கேட்பாரற்ற பொருள் என்று மின்வாரிய ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

கருப்பணன் அங்கே போய்க் குதித்தார். ஆபீஸர் நிதானமாக, "எங்களோடதுதான்னு கவுன்சிலரம்மா எழுதிக் குடுக்கட்டும். புகார் குடுத்தவங்களும் வாபஸ்னு எழுதட்டும். எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்தம்மா எங்க முன்னால வந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டணும், ஒத்துப் பாக்கணும்ல" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், தட்டச்சடித்த காகிதங்களோடு கருப்பணன் பூத்துக்கு வந்தார். பின்னால் மணிமேகலை. பதவி ஏற்ற நாளுக்குப் பிறகு, ஓட்டு வாங்கிய கவுன்சிலர் தன் வார்டைப் பார்க்க வருவது அன்றுதான்.

"நீ மொதல்ல போடு. அப்புறம் இவ போடுவா" என்று மனைவியிடம் பேனாவை நீட்டினார்.

"படிச்சிட்டுப் போடுறேன்" என்றார் மணிமேகலை.

"படிக்க என்ன இருக்கு?"

"அக்கா, இதையும் சேத்துப் படிங்க" என்று சகாயசெல்வி பழைய கடிதத்தை எடுத்து நீட்டினாள். மணிமேகலை இரண்டையும் படித்தார். தன் பேரில் இருந்த, தான் போடாத கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கரே இல்லைன்னு நான் எழுதியிருக்கேன். இப்ப என்னோடதுதான்னு எழுதுனா, பொய் சொன்னதும் நான், கரண்டு திருடுனதும் நான். உள்ள போறது யாரு, நீங்களா?"

"ஏய், அம்புட்டுக்கு ஆயிப்போச்சா? போடுடி கையெழுத்த!" கருப்பணன் தொண்டை கிழியக் கத்தினார். அப்போதுதான் ரியாத் போன் மணி அடித்து, கண்ணாடிக் கதவுக்குள் குர்ஷித் பேகம் ரிசீவரை எடுத்திருந்தார்.

மணிமேகலை பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"செத்த மெதுவாப் பேசுங்க. உள்ள அந்தம்மா பேசிக்கிட்டு இருக்கு."