பாதி வழியில் நின்ற வீடு

அப்பாவைப் புதைத்து நான்கு நாள் ஆகிறது. ஹல்வோர் நெஸ்ஹெய்ம் என்பது அவர் பெயர். நெப்ராஸ்காவின் இந்தச் சமவெளியில் ஒரு ஊரையே இரண்டு முறை இழுத்தவர்.

ரயில் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஊர்தான் ரயிலைத் தேடிப் போனது. ரயில் கம்பெனி ஊரை விட்டுத் தள்ளித் தண்டவாளம் போட்டால், வீடுகளை உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, மாடு பூட்டி இழுத்துப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்தவர் அப்பாதான்.

ஓலே ப்ரெக்கெயின் கடை முதலில் நகர்ந்தது. உள்ளே அடுப்பு எரிய, ஓலே காப்பி குடித்துக்கொண்டே வந்தார்.

"ஒரு சொட்டு சிந்தலடா ஹல்வோர்! நீ அமெரிக்காவையே இழுத்து நார்வேக்குக் கொண்டு போயிடுவ!"

"அங்க வைக்க இடம் இருந்தா நாம ஏன்டா இங்க வந்தோம்?"

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனியின் நில ஏஜெண்ட் வந்தான். ஸ்டேஷன் இங்கே இல்லை, இன்னும் மேற்கே என்றான். மேற்கே இருந்த மனைகளெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், விற்றுக் காசாக்கலாம். திட்டிக்கொண்டே ஊர் மறுபடி கிளம்பியது. அப்பா எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார். முதல் பனி விழுந்த நாளில், பாதி வழியில், மாடுகள் இரண்டும் செத்து விழுந்தன. இரவல் மாடு தர ஒருவரும் வரவில்லை.

"வசந்தம் வரட்டும், பாக்கலாம்" என்றார் ஓலே. வசந்தம் வந்தது. ஓலே வரவில்லை.

வீடு அங்கேயே நின்றது. அடித்தளம் தோண்டியபோது மண்ணுக்குள் சாம்பலும் கருகிய மக்காச்சோளமும் கிடைத்தன. அரசு இங்கிருந்து விரட்டிவிட்ட பாவ்னி பழங்குடி மக்களின் அடுப்பு.

"ஆளில்லாத நிலம்னுதானே கம்பெனிக்காரன் சொன்னான்?" என்றாள் அம்மா குன்ஹில்ட்.

"அவன் சொன்னான். நாமளும் கேட்டுக்கிட்டோம்" என்றார் அப்பா.

சன்னலை ஒட்டி ரயில் ஓடத் தொடங்கியது. எங்களுக்காக நிற்காது, ஊர் ஸ்டேஷனில்தான் நிற்கும். அதில்தான் நிலக்கரி வந்தது, மருந்து வந்தது. பின்னாளில் லிங்கன் நகரத்துக் கல்லூரிக்கு என்னைக் கொண்டு போனதும் அதுதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கள் கோதுமைக்கு அது கேட்ட கூலி போக எங்களுக்குத் தவிடு மிஞ்சியது என்பதையும் சொல்வேன்.

எனக்கு ஏழு வயதில் அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல் வந்தது. குழந்தை பிறக்கும்போதே இறந்திருந்தது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. தண்டவாளம் மட்டும் திறந்திருந்தது. வியாழக்கிழமை ரயிலில் டாக்டர் எங்கள் சன்னலைக் கடந்து ஊருக்குப் போவார். அப்பா அம்மாவின் சிவப்புக் கம்பளிப் பாவாடையைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றார். எஞ்சின் அலறிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றது.

"சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலையாய்யா?" டிரைவர் கத்தினார்.

"பொண்டாட்டி சாகக் கூடாதுன்னு நிக்கறேன். டாக்டர இறக்கிவிடு."

டாக்டர் இறங்கினார். அம்மா பிழைத்தாள்.

ரயிலை மறித்ததற்காக அப்பா மேல் கம்பெனி வழக்குப் போட்டது. ஜூரிகள் எல்லோரும் ஊர்க்காரர்கள், தலைவர் ஓலே. குற்றவாளி என்று சொன்ன ஒவ்வொரு வாயும் அப்பா இழுத்த வீட்டில் சிந்தாமல் காப்பி குடித்த வாய்.

"மனசுல வச்சுக்காதடா. கம்பெனி கோவிச்சுக்கிட்டா ஸ்டேஷன எடுத்துட்டுப் போயிடும்" என்றார் ஓலே, நீதிமன்ற வாசலில். அந்த வருட அறுவடை முழுவதும் அப்பா சிறையில் இருந்தார். அம்மாவும் நானும் அறுத்தோம்.

அப்பா இறந்த அன்று ஓலே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கம்பெனிகிட்ட பேசிட்டேன் குன்ஹில்ட். ஹல்வோருக்காக ரயில இங்க நிறுத்தறாங்களாம். ஊர்க் கல்லறைக்கே கொண்டு போயிடலாம்."

"அவர் நிறுத்தினா ஜெயிலு. நீ நிறுத்தினா மரியாதையா? வெளிய போ."

அந்தச் சாம்பல் கிடந்த மண்ணிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில், அப்பாவைப் புதைத்தோம்.

இன்று வியாழக்கிழமை. அம்மா அந்தச் சிவப்புப் பாவாடையைத் துவைத்து, தண்டவாளத்தை ஒட்டிய வேலியில் விரித்துப் போட்டாள். ரயில் கிறீச்சிட்டு நின்றது. புது டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

அம்மா திரும்பக்கூட இல்லை.

"ஒண்ணும் ஆகல. துணி காயுது."