குறை கேட்க வந்த துரை

எங்கள் அப்பாவுக்கு வேலையில் ஏதாவது குறை உண்டா என்று சர்க்கார் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அவர் பதில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தோம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் டவாலிச் சேவகர். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தோளில் சிவப்பு டவாலியும் மார்பில் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு அதிகாரியின் அறை வாசலில் நிற்பது அவர் உத்தியோகம். ஆனால் வாசலில் அவர் நின்று நான் பார்த்தது குறைவு. விடிந்ததும் ஹெட்கிளார்க் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் சேந்துவார், விறகு பிளப்பார், மாட்டுக்குத் தவிடு கரைப்பார், அந்த வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார். அதற்கப்புறம் பொழுது மிச்சமிருந்தால் சர்க்காருக்கும் கொஞ்சம் உழைப்பார்.

அம்மா குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்த வருஷம் அவளுக்கு வந்த இருமல் நிற்கவே இல்லை. பிறகு ரத்தமும் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். க்ஷயரோகம், மாதக்கணக்கில் தினமும் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாள், போடாவிட்டால் சொல்வதற்கில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க இடம் இல்லை. வேலூரிலேயே குடியிருந்து தினமும் வந்து ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் அழைத்துப் போக அப்பாவின் சம்பளமும் தாங்காது, அம்மாவின் உடம்பும் தாங்காது. வேலையை விட்டுவிட்டுப் போனாலோ நோய்க்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும். ஆக, அம்மா பிழைக்க வேண்டுமானால் அப்பாவுக்கு வேலூருக்கு மாற்றல் கிடைக்க வேண்டும்.

அப்பா ஹெட்கிளார்க்கிடம் கேட்டார்.

"பாக்கலாம்யா. எடம் காலியாவட்டும்" என்றார் அவர்.

மறுபடியும் கேட்டார். அதே பதில்தான். வேலூரில் இடம் காலியாகவே இருந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அம்மாவுக்கு என்று சாத்துக்குடி கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆனால் சும்மா விறகு பிளந்து போட இன்னொரு ஆள் அவருக்கு எங்கே கிடைப்பான்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்ற பழமொழியை ஏதோ ஒரு சேவகன் பெண்டாட்டிதான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டாலும் ஆபீஸில் எல்லாரும் அவரைத் துரை என்றே சொன்னார்கள். இந்தத் துரை புது மாதிரி. ஆபீஸ் என்றால் ஒரு குடும்பம், சேவகன் மனம் குளிர்ந்திருந்தால்தான் சர்க்கார் வண்டி ஓடும் என்று பேசுகிறவர். ஒவ்வொருவரிடமும் நேரில் குறை கேட்பாராம். பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்.

ஹெட்கிளார்க்குக்கு உதறல் எடுத்துவிட்டது. தினமும் சாயங்காலம் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, தாமே துரையாக மாறி, "உங்களுக்கு எதாவது குறை உண்டா?" என்று கேட்பார். எல்லாரும், "ஒரு குறையும் இல்லீங்க துரை" என்று சொல்ல வேண்டும். "எழவு வீட்ல சொல்ற மாதிரி சொல்றியேய்யா! கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா சொல்லு" என்று திருத்துவார். அப்பா இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டியபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ராத்திரி எங்கள் வீட்டில் வேறு ஒத்திகை நடந்தது. இங்கே அம்மாதான் துரை. டிரங்குப் பெட்டிமேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னாப்பா உன் குறை?" என்பாள். அப்பா கை கட்டி நிற்பார். "துரைங்களே, என் சம்சாரத்துக்கு உடம்பு முடியலீங்க. வேலூருக்கு மாத்தல் குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிடுவார். சொந்தப் பெண்டாட்டி முன்னாலேயே அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பயம் அவருக்கு உடம்போடு ஊறியது.

"அழுத புள்ளதாங்க பால் குடிக்கும்" என்பாள் அம்மா. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "புள்ளைய இட்டுக்குனு போங்க. அந்தக் கிழிஞ்ச பாவாடையிலயே நிக்கட்டும். உங்களுக்கு வாய் வரலன்னாலும் அதப் பாத்துட்டு அவரே கேப்பாரு."

அன்று காலையில் தலையில் எண்ணெய்கூட வைக்காமல் என்னை அனுப்பினாள். பாவாடையின் கிழிசல் முன்பக்கம் வரும்படி திருப்பிக் கட்டியும் விட்டாள். மற்ற பிள்ளைகளெல்லாம் தீபாவளி உடுப்பில் வந்திருந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

ஹெட்கிளார்க் என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாய்யா இது, பிச்சக்காரக் கோலம்? துரை பாத்தா நம்ம ஆபீஸப் பத்தி இன்னா நெனைப்பாரு?"

ஆபீஸுக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் வீட்டம்மா என்னைக் கையோடு அழைத்துப் போய், தன் மகளுடைய பட்டுப்பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். முகம் கழுவிவிட்டு, தலை வாரி, கனகாம்பரம்கூட வைத்தாள். "வேணாங்கம்மா, அழுக்காக்கிடுவா" என்று அப்பா வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பரவால்லப்பா, கொழந்ததானே" என்றாள் அந்த அம்மா. நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கோ தரையில் கால் பாவவில்லை.

துரை கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சீக்கிரமே கர்சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டு வரிசையாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "பயப்படாமல் சொல்லுங்கள், நானும் உங்களில் ஒருவன்தான்" என்றார். ஒவ்வொருவரும் குறை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. யாராவது ஒருவன் ஏதாவது சொல்லமாட்டானா என்று அவர் நிஜமாகவே எதிர்பார்த்திருப்பார் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அப்பாவிடம் வந்தார். அப்பாவின் உதடு அசைந்தது. "துரைங்களே, என்..." என்று தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துரையின் கண் என்மேல் விழுந்தது.

"உன் மகளா?"

"ஆமாங்க துரை."

அவர் குனிந்து என் பாவாடையின் கரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பார்த்தீர்களா, சேவகன் பெண் பட்டு உடுத்தி நிற்கிறாள். வெள்ளைக்காரன் காலத்தில் இது நடந்திருக்குமா?" என்றார். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். நான் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னமோ சொல்ல வந்தாயே, சொல்லப்பா" என்றார் துரை.

அப்பா என் பாவாடையைப் பார்த்தார். ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். கஷ்டத்தைச் சொல்வதானால், பட்டு எங்களுடையது இல்லை, இரவல் என்று முதலில் சொல்ல வேண்டும். யார் வீட்டு இரவல், ஏன் கட்டிவிட்டார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நாளைக்கும் அதே ஹெட்கிளார்க்கின் கீழேதான் நிற்க வேண்டும்.

"ஒரு குறையும் இல்லீங்க துரை" என்றார் அப்பா. ஒத்திகையில் ஒரு நாளும் அவர் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லையாம். ஹெட்கிளார்க்கே அப்புறம் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கார் கிளம்பியதும் பட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நான் பழைய பாவாடையோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"துரை உன்னப் பாத்தாரா?"

"பாத்தாரும்மா. குனிஞ்சு பாத்தாரு."

"பாவாடையப் பாத்தாரா?"

"அதப் பாத்துட்டுத்தாம்மா அப்பாகிட்ட பேசவே பேசுனாரு."

அம்மா பள்ளிகொண்டாப் பெருமாள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "ரங்கநாதா" என்று கும்பிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. "அப்பா இன்னாடி சொன்னாரு?"

"ஒரு குறையும் இல்லீங்க துரைன்னாரு. எல்லாரும் கை தட்னாங்கம்மா!"

சொல்லிவிட்டு, பட்டுக் கட்டிக்கொண்ட கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா மெல்ல நிலைப்படியில் உட்கார்ந்தாள். என் பாவாடையின் கிழிசலைப் பின்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டே, "இன்னா கலருடி பட்டு?" என்றாள்.

"அரக்கு."

"கரை?"

"கிளிப்பச்சை. சரிகைகூட இருந்துச்சு."

"ஜோராத்தான் இருந்துருப்ப" என்று என் தலையைத் தடவினாள்.

வழக்கமாக அப்பா உள்ளே நுழைந்ததுமே, மாத்தல் கேட்டீங்களா, ஹெட்கிளார்க் இன்னா சொன்னார் என்று அம்மா பிடித்துக்கொள்வாள். அது சண்டையில் போய்த்தான் நிற்கும். அன்றைக்கு இருட்டிய பிறகு அப்பா வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "சாப்பிடுங்க" என்று தட்டை வைத்துவிட்டாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் வேலூர் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. கார்த்திகை வரைக்கும் இருந்தாள்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் என்னைத் தெருவில் பார்த்து, "வீட்ல எப்டிம்மா கீறாங்க?" என்று விசாரித்தாள்.

"ரொம்ப நல்லா கீறோம். எங்கம்மா இப்போல்லாம் அப்பாவ ஒண்ணுமே கேக்கறதில்ல" என்றேன் பெருமையாக.

அந்த அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்கி வைத்துக்கொள்ளும் வயசெல்லாம் எனக்கு எப்போதோ தாண்டியிருந்தது. நல்ல சேதி சொன்ன பிள்ளையை எதற்காக இப்படி இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.