பல்லி மலேரியா தேடிப் போய் தாராவியில் டிரம் கழுவிய கதை

பல்லியின் ரத்தத்திலும் மலேரியா வகை ஒட்டுண்ணி உண்டு. விலங்கியல் படித்த எனக்கு அதை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டுமென்று வெகுநாள் அரிப்பு. இந்த ஆகஸ்டில், தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் இசக்கியண்ணன் வீட்டுக் கதவிடுக்கில் அறுந்த பல்லிவாலிலிருந்து ஒரு துளி எடுத்து வந்தேன். ஒட்டுண்ணி இருந்தது! உடனே போன் போட்டு, "அண்ணே, உங்க வீட்டுப் பல்லிக்கு மலேரியா!" என்று கத்தினேன்.

அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா அன்று காலைதான் மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று மாலையே அக்கா வீடு திரும்புகிறார் என்றார்கள். விளக்கிச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

நான் இருக்கும் செம்பூரில் காலை 10.12க்கு ஹார்பர் லைன் ரயில். குர்லாவில் மாறி சயான் சேர்ந்தபோது 10.45. டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து பட்டறைக்கு ஒரு கிலோமீட்டர், மழையில் நடந்தால் இருபது நிமிடம்.

கீழே பட்டறை, மேலே வீடு. சுவரில் ஒரு பல்லிகூட இல்லை.

"அடிச்சா பாவம்லா தம்பி. அதான் பிஸ்கட் டப்பால புடிச்சு, ட்ரெயின்ல மாட்டுங்கா கொண்டு போயி கோயில் மதில்ல வுட்டுட்டேன். பதினோரு உருப்படி" என்றார் இசக்கியண்ணன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பல்லி மலேரியா மனுஷனுக்கு வராதுண்ணே. அக்காவுக்குக் கொசு கடிச்சுதான் வந்திருக்கும்."

"இங்க ஏது கொசு?"

அக்காவும் மகள் செல்வியும் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீல டிரம் திறந்து கிடந்தது. மூடியை அவர் தோல் வெட்டும் பலகையாக்கியிருந்தார். போன் வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. குழாயில் தண்ணீர் மறுநாள் காலைதான் வரும். இருந்தும் மொத்தத்தையும் கொட்டி, இருவருமாகத் தேய்த்துக் கழுவினோம்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "நல்லது கெட்டது சொல்லுத ஜீவன கோயிலுக்கு அனுப்பிட்டு, என்னைய கடிச்சத தண்ணி ஊத்தி வளத்திருக்கியளே!"

மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, ஆராய்ச்சிச் செய்தி சொல்லப் போன் போடுமுன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை; இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான் போன் போட்டதிலிருந்து அந்த மூன்று இரவும் செல்வி டிரம்முக்குப் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறாள். கொசு கடித்திருந்தால் காய்ச்சல் தெரியப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். தினமும் போன் செய்கிறேன். டிரம் கழுவி இன்று ஒன்பதாம் நாள்.