டாக்டரிடமும் மறைத்தேன்

சுனாமிக்கு மறுவருடம் எனக்குக் கல்யாணம். ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லாததால் சோதனைக்குழாய் சிகிச்சைக்காகச் சிதம்பரத்தில் எனக்குக் கருமுட்டை எடுத்தார்கள். என் வீட்டுக்காரரைத் தவிர, கடலூரில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் வயிறு உப்பியது.

"இன்னா அண்ணி, மாசமா இருக்கியா? வவுறு தெரியுதே!" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் மூச்சு முட்டியது. மஞ்சக்குப்பம் டாக்டரிடம், நாத்தனார் பக்கத்தில் நின்றதால், "வாயு சார்" என்றேன். என் வீட்டுக்காரர்தான், "முட்டை எடுத்திருக்கு சார்" என்று போட்டு உடைத்தார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அத மறைச்சா உசுரு போயிடும்மா. முட்டை வளர போட்ட ஊசியால வயித்துல தண்ணி கோத்திருக்கு" என்று உடனே சிதம்பரம் அனுப்பினார். அங்கே நீரை எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"எங்கிட்ட சொன்னா இன்னா அண்ணி, தின்னுடுவனா?" என்றாள் நாத்தனார்.

மறுபடி சிகிச்சைக்குப் போகிறேன். அவளும் கூட வருகிறாள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சிகிச்சைச் சீட்டைத்தான் நீட்டுகிறேன்.