பூஜ்யம் போடும் மரியாதை

யார் சாப்பிட்டாலும் தூபாவின் கண் தட்டுக்குப் போகாது, தொண்டைக்குத்தான் போகும். தன் கல்யாணப் பந்தியிலேயே மாப்பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஈரானில், ஷிராஸ் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் பழக்கிக்கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாள். "செருப்புக் கடைக்காரன் காலைப் பாக்குறான். நான் தொண்டையைப் பாக்குறேன். இதுல என்ன சிரிப்பு?" என்பாள்.

இப்போது அவள் வயிறு எரிவதெல்லாம் ஒரு காகிதத்தால். விழுங்கும் சிரமத்தை அளக்க வெளிநாட்டில் எழுதிய பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சிரமமே இல்லை என்றால் பூஜ்யம், ரொம்பச் சிரமம் என்றால் நாலு. அங்கே பெரிய டாக்டரான பேராசிரியர் கஷ்ஃபி அவற்றைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். மொத்தம் மூன்று மதிப்பெண்ணாவது வந்தால்தான், விழுங்குவதைப் படமெடுத்துப் பார்க்க எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவார்கள். கேட்டு எழுதுவது தூபா. வருகிறவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் பூஜ்யம், பூஜ்யம் என்கிறார்கள்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நொஸ்ரத்துல்லாவுக்கு மொத்தமே ஒரு மதிப்பெண்தான். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிப் படுத்த மனிதர். நீர்த்துப்போனது எதுவும் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும், தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாகத்தான் குடிக்க வேண்டும் என்று தூபா கண்டித்துச் சொல்லியிருந்தாள். வராந்தாவில் அவர் மனைவி மொனவ்வரைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாத்திரை விழுங்கக் கஷ்டமே இல்லைங்கிறாரு?"

"நான்தான் இடிச்சுத் தயிர்ல கலந்து குடுக்கிறேனே. அவருக்கு என்ன கஷ்டம்?"

"வெளியில சாப்பிடப் போகத் தடையான்னு கேட்டதுக்கும் பூஜ்யமாம்."

"ஓட்டலுக்கா? நாங்க என்னைக்கும்மா ஓட்டலுக்குப் போனோம்? தம்பி வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போய்த்தான் நாலு மாசம் ஆச்சு. வேண்டாம் வேண்டாம்னாலும் தட்டுல வைப்பாங்க. தின்னா புரையேறும், தின்னலைன்னா அவங்க மனசு நோகும்."

"இதை அவர் வாயால சொல்லக்கூடாதா?"

"டாக்டர் மூஞ்சிக்கு நேராவா? அவர் வைத்தியத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிடாதா?"

நாலு மாசமாகச் சொந்தபந்தம் முகம் பார்க்காத மனிதனுக்குக் குறையே இல்லை என்கிறது காகிதம். தூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரையும் கூட்டிக்கொண்டு நேரே கஷ்ஃபியின் அறைக்குப் போனாள்.

"விருந்துக்குப் போறதை நிறுத்திட்டீங்களான்னு கேளுங்க டாக்டர். மாத்திரையை யார் இடிச்சுக் குடுக்குறாங்கன்னு கேளுங்க. அப்பத்தான் உண்மை வரும்."

"மொழிபெயர்ப்பு வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்கு, தூபா. கேள்வியை மாத்தினா மத்த நாட்டோட ஒப்பிட முடியாது."

"ஒப்பிடுற வரைக்கும் ஆள் உசுரோட இருக்க வேண்டாமா?"

கஷ்ஃபி கெட்டவர் இல்லை. எழுந்து வந்து கிழவரின் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். "விழுங்குறதுல ஏதாவது சிரமம் இருக்கா ஐயா?"

"உங்க நிழல்ல இருக்கறப்ப எனக்கென்ன சிரமம், டாக்டர்."

பார்த்தாயா என்பதுபோல் கஷ்ஃபி தூபா பக்கம் திரும்பினார். அதற்குள் தேநீர் வந்தது. கஷ்ஃபியே ஒரு குவளையை எடுத்து நீட்டினார். பெரிய டாக்டர் தன் கையால் தருவதை எந்த மனிதன் மறுப்பான்? நொஸ்ரத்துல்லா பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, தேநீரோடு கரையவிடுகிற சர்க்கரைக் கட்டியை ஊர் வழக்கப்படி முதலில் வாயில் போட்டுக்கொண்டார். மொனவ்வர் முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

குவளை அவர் உதட்டுக்குப் போகுமுன் தூபா அதைப் பிடுங்கி, பேராசிரியர் மேஜைமேல் வைத்தாள். பிறகு கிழவரின் வாய்க்குக் கீழே, சர்க்கரைக் கட்டியைத் துப்பச் சொல்லி, தன் உள்ளங்கையை நீட்டினாள்.